பத்துக் குன்றிமணி வாங்கிய மலைப்பாம்பு

ஒரு காட்டில், யார் யார் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் அளந்து வரும் வேலை ஒரு சருகுமானுக்குக் கிடைத்தது. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். ஆனால் வேலை கிடைத்த நாளிலிருந்து அதன் நடையைப் பார்க்க வேண்டுமே! காடே தன் பேரில் இருப்பதுபோல் நடந்தது.

அந்தக் காட்டுக்கு ஒரு யானை அரசி. முந்தின வருஷம் கண்டதையும் தின்று பாதிக் காடு நோயில் விழுந்ததால், அரசி சாப்பாட்டுக்குச் சட்டம் போட்டிருந்தாள். தழை, காய், கிழங்கு எல்லாம் கலந்து சாப்பிட வேண்டும். வயிறு முட்டத் தின்னக் கூடாது. மாமிசம் தின்பவர்கள் மீனோ, தானாகச் செத்ததோ தின்று கொள்ளலாம். அக்கம்பக்கத்தாரைத் தொடவே கூடாது. சட்டப்படி சாப்பிட்டவருக்குப் பத்துக் குன்றிமணி. தவறத் தவற மணி குறையும்.

பௌர்ணமிதோறும் காலையில், கழுத்தில் குன்றிமணிப் பையைக் கட்டிக்கொண்டு சருகுமான் கிளம்பும். எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான்.

“நேத்து என்ன சாப்பிட்டே?”

முயல் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தவிர எதையும் தொடாது. அதற்கு நாலு மணி. கறையான் கறையான் என்று அலையும் காட்டுக்கோழிக்கு மூன்று. பழத்தைக் கண்டால் மூச்சு விடாமல் தின்னும் மரநாய்க்கும் நாலுதான். சருகுமானின் சொந்தத் தங்கைக்கே ஆறுக்கு மேல் தேறவில்லை. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் தலைகுனிவு.

ஓடைக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்கில் ஒரு மலைப்பாம்பு இருந்தது. அது பொய்யே பேசாது.

“அண்ணாச்சி, நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் சாப்பிடலை, தாயி.”

சருகுமானுக்குப் புல்லரித்தது. விரதம்! எடுத்து வைத்தது பத்து மணியை. அரசி கொடுத்தனுப்பிய காட்டுமல்லிகை மாலையும் பாறை வாசலில் தொங்கியது.

அடுத்த பௌர்ணமியன்று முயல் வீட்டில் குரலே இல்லை. வாசலில் பாதி கடித்த கிழங்கு ஒன்று கிடந்தது. எறும்புகூட அதை மொய்க்கவில்லை.

ஆள் இல்லாத வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சருகுமான் ஒரு முறை வைத்திருந்தது. அதனால் அது நிற்காமல் நடந்தது. நாலு மணி வாங்குகிற முயல் கணக்கில் இல்லாததால் அந்த மாதம் காட்டின் சராசரி ஏறியது. அரசிக்கு ஏக மகிழ்ச்சி.

மூன்றாம் பௌர்ணமி, சேவல் கூவாமலே விடிந்தது. காட்டுக்கோழியின் புதரில் இரண்டு இறகுகள் மட்டும் அசைந்தன, காற்றில்லாமலே. சருகுமானுக்கு முதுகு சிலிர்த்தது. ஆனாலும் முறை முறைதானே! சராசரி இன்னும் ஏறியது.

அன்று தங்கை கேட்டது: “அக்கா, முயலைக் காணோம், கோழியைக் காணோம். அதை எந்தக் கணக்குல சேர்ப்பே?”

“பதில் சொல்றவங்களைத்தான் கேக்க முடியும்.”

“சரி, அந்த மலைப்பாம்புகிட்ட நேத்துக்கு முன்னாடி என்ன தின்னுச்சுன்னு கேட்டியா?”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? நேத்தைக் கேட்டா போதும்.” சருகுமானுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆறு மணி வாங்குற வாய்க்கு இவ்வளவு பேச்சா? அடுத்த கணக்கெடுப்புக்குள்ள அண்ணாச்சிகிட்ட போய், பத்து வாங்குறது எப்படின்னு கத்துக்கிட்டு வா!”

தங்கை தலையாட்டிவிட்டுத் தன் புதருக்குள் போனது.

நாலாம் பௌர்ணமியன்று அடைமழை. ஓடையில் வெள்ளம். சருகுமானால் அன்றும் கிளம்ப முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. மூன்றாம் நாள்தான் அது பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டது.

காடெங்கும் மூடுபனி. தன் குளம்புச் சத்தம் மட்டும் பின்னாலேயே வருவதுபோல் இருந்தது. மரநாயின் பொந்தில் கேட்டது, பதில் இல்லை. தங்கையின் புதர் முன்னால் நின்று கேட்டது: “நேத்து என்ன சாப்பிட்டே?”

பதில் இல்லை.

“ஏ, உன்னைத்தான்!”

பனிதான் புதருக்குள் போய் வந்தது. மேய்ச்சலுக்குப் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு, சருகுமான் முறைப்படி அந்த வீட்டையும் விட்டுவிட்டு ஓடையைக் கடந்தது.

பாறை வாசலில் மாலை வாடித் தொங்கியது. மலைப்பாம்பு வெளியிலேயே கிடந்தது. மாதாமாதம் வழவழவென்று நீண்டு கிடக்கும் உடம்பின் நடுவில், இன்று ஒரு மேடு.

“அண்ணாச்சி...” சருகுமான் எட்ட நின்றே கேட்டது. “நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“உன் தங்கச்சியை, தாயி.”

சருகுமான் அந்த மேட்டையே பார்த்தது.

“பத்து மணி வாங்குறது எப்படின்னு கேக்க மழைக்கு முன்னாடியே வந்துச்சு, வெள்ளத்துல இந்தப் பக்கமே மாட்டிக்கிச்சு. நீதான் அனுப்பினியாம்.”

சருகுமான் இரண்டடி பின்வாங்கியது. “முயலு? கோழி? மரநாய்?”

“அதுங்களும்தான். எனக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான் பசிக்கும். பௌர்ணமி கழிஞ்ச மறுநாள்.”

“ஏன் சொல்லலை?”

“நீ கேக்கலையே, தாயி. ஒவ்வொரு தடவையும் நேத்தைத்தான் கேட்டே. நானும் உண்மையைத்தான் சொன்னேன்.” மலைப்பாம்பு மெல்லத் தலையைத் தூக்கியது. “பயப்படாதே, இன்னும் ஒரு மாசத்துக்கு எனக்குப் பசி இல்லை. சரி, இந்தத் தடவை எனக்கு எத்தனை மணி?”

சருகுமான் திரும்பி ஓடியது. வழியெல்லாம் பையிலிருந்து குன்றிமணிகள் சிதறின. ஒன்றைக்கூட அது பொறுக்கவில்லை.

அரசி ஆவலோடு காத்திருந்தாள். “இந்த மாசம் எவ்வளவு ஏறியிருக்கு?”

சருகுமான் காலிப் பையை அவள் காலடியில் வைத்தது.

“நாலு வீட்டுல ஆள் இல்லை, அரசி. நாலாவது வீடு என் தங்கச்சியோடது.”

நீதி: தனக்கு வசதியான கேள்வியையே கேட்பவரை உண்மையான பதிலும் ஏமாற்றும்.