உப்பாண்டிகளை ஏய்த்த நடுக்கம்

மூலக்கூறுகள்கூட வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், குளத்துப் பாசியின் செல் ஒன்று பெரிய ஊராக இருந்தது. அதற்குள் பொருத்தி என்றொரு புரதம் வாழ்ந்தாள். ஊர் நடக்க வேண்டிய விதமெல்லாம் நெடுநூல் என்ற நீண்ட இழையில் எழுதியிருந்தது. அது அறுந்தால் இணைத்து வைப்பது பொருத்தியின் வேலை.

அங்கே யாருக்கும் கண் கிடையாது. மேலே மோதினால்தான் ஆள் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஓர் ஈர்ப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அதை வெளியே விட்ட மறுகணமே, தண்ணீரில் கரைந்து திரியும் உப்புத் துகள்களான உப்பாண்டிகள் ஓடிவந்து சுற்றிலும் ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு எட்டுக்கு அப்பால் ஒன்றும் எட்டாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெயிலின் சூடு வந்தால் வாங்கிய கையோடு அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். வைத்துக்கொள்வது மானக்கேடு.

ஒரு சித்திரை உச்சிப்பொழுதில் நெடுநூல் அறுந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் செல் இரண்டாகப் பிரியும். அதற்குள் இணைக்காவிட்டால் ஊரே செத்துப்போகும்.

பொருத்தி கண்டபடி ஓடினாள்.

"நூலா நீ?"

"தண்ணிடி நான்! மூணு தடவையா என்னையே இடிக்கிற."

அவள் நின்று, தன் ஈர்ப்பு முழுவதையும் வெளியே விட்டாள். உப்பாண்டிகள் ஈயாக மொய்த்தார்கள்.

"வழி விடுங்கடா, ஊரே போகப்போகுது!"

"நாங்க என்ன செய்ய தாயி? இழுக்குற பக்கம் ஒட்டுறதுதான் எங்க பொறப்பு" என்றான் ஒருவன், இன்னும் நெருங்கி உட்கார்ந்து.

அப்போது சூடு அவளிடம் வந்தது.

"சீக்கிரம் தள்ளு, காத்திருக்கேன்ல?" என்றது தண்ணீர்.

"தர மாட்டேன். இவனுங்களை உதறித் தள்ள எனக்கு வேணும்."

அடுத்து வந்த சூட்டையும் அவள் வைத்துக்கொண்டாள். உடம்பு உதறத் தொடங்கியது. கூடவே ஈர்ப்பும் நடுங்கியது. உப்பாண்டிகள் இடப்பக்கம் ஓடினால் அது வலப்பக்கம் இருந்தது. திரும்பினால் மறுபடி இடப்பக்கம்.

"எந்தப் பக்கம்யா இழுக்குறா இவ?"

அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழ, நடுக்கம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது.

ஊரின் மறுகோடியில் நூலின் அறுந்த முனையும் உதறிக்கொண்டிருந்தது. இழை அறுந்ததால், சூட்டைத் தள்ளிவிட அதற்கு அடுத்த ஆள் இல்லையே! அதே வேகம், அதே துடிப்பு. ஆயிரம் பேருக்கு நடுவே பொருத்திக்கு அது மட்டும் உறைத்தது. ஒருவரையும் இடிக்காமல் நேராகப் போய், பொழுது சாயுமுன் முனைகளைச் சேர்த்தாள்.

"அதான் முடிஞ்சுதே, சூட்டைக் குடுத்துட்டு உட்காரு" என்றது தண்ணீர்.

அவளுக்கும் ஆசைதான். கொஞ்சம் கொடுத்தாள். நடுக்கம் தணிந்தது, நூலின் துடிப்பும் கேட்காமல் போனது. இப்போது எங்காவது அறுந்திருந்தால்? கொடுத்ததை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அன்று பிடித்ததுதான் அந்த உதறல். இன்றும் உயிருள்ள எந்த உடம்பிலும், அது அயர்ந்து தூங்கும்போதுகூட, உள்ளே அவள் வழிவந்த பொருத்திகள் உட்காருவதே இல்லை.