கோணம்பட்டிக் கொன்றையைப் போட்டோ பிடித்த கதை

கோணம்பட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. யார் என்ன சொன்னாலும் சொல்லைத் தட்டமாட்டார்கள், அவ்வளவுதான் அவர்களிடம் உள்ள குறை. ‘பாலைப் பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனால், அது பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தாலும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம்ம சோணைமுத்து அந்த ஊர்ப் பிள்ளை.

குறுக்கனேரித் திருவிழாவில் முத்துப்பேச்சியைத் தூரத்திலிருந்து பார்த்த நாள் முதல் சோணைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று தரகரைப் பெண் கேட்க அனுப்பினான். அவள் அப்பா அழகுமலை யோசிக்கும் முன்பே அவளே பதில் சொல்லிவிட்டாளாம்: “பங்குனி பொறந்தாச்சு. நான் வாழப்போற ஊர்ல என்ன செடி தளிர்க்குது, என்ன பூ பூக்குதுன்னு நான் பார்க்கணும். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பார்த்துட்டுத்தான் மத்த பேச்சு.”

சோணைமுத்து போனை எடுத்துக்கொண்டு கடைவீதி ஸ்டுடியோக்காரர் சவரிமுத்துவிடம் ஓடினான். அவர் பெரிய மனசுக்காரர். “தம்பி, வெயில் உன் முதுகுக்குப் பின்னால இருக்கணும். பூவுக்குப் பின்னால குப்பை கூளம் தெரியக்கூடாது. அமுக்குற நேரத்துல பூ ஆடக்கூடாது. இதை மட்டும் பார்த்துக்க, படம் பிரமாதமா வரும்” என்று சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் அதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தான்.

துணைக்குக் கூட்டாளிகள் வந்தார்கள். மூத்தவர் பெத்தணன், ஊரிலேயே புத்திசாலி. மற்றவர்கள் யோசித்துத் தப்பு செய்வார்கள், அவர் யோசிக்காமலே செய்துவிடுவார். அடுத்து மொக்கையன். அவன் தொழுவத்துக்குப் பக்கத்தில்தான் அந்தச் சரக்கொன்றை, ஓர் இலை தெரியாமல் சரஞ்சரமாக மஞ்சள் பூத்து நின்றது. கடைசி ஆள் ஆண்டிச்சாமி. அவனுக்கு எல்லாமே சரிதான்.

காலையில் மரத்துக்குக் கிழக்கே போய் நின்றார்கள். வெயில் முதுகில் சுள்ளென்று அடித்தது. எல்லாம் சரி, ஆனால் மரத்துக்குப் பின்னால் மொக்கையன் வீட்டுக் குப்பைமேடு மலைபோலத் தெரிந்தது.

“நாலடி தள்ளி நின்னு எடுத்தா மறைஞ்சிருமே” என்றான் ஆண்டிச்சாமி, தன்னையறியாமல்.

பெத்தணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “அவரு தள்ளி நிக்கச் சொன்னாரா? குப்பை பின்னால இருக்கக்கூடாதுன்னுதானே சொன்னாரு? அப்ப முன்னால கொண்டாந்துருவோம்.”

ஆளுக்கொரு கூடை எடுத்தார்கள். மேற்கே கிடந்த மேட்டை அள்ளி அள்ளிக் கிழக்கே கொட்டி முடித்தபோது உச்சிவெயில் வந்துவிட்டது. சோணைமுத்து போனைத் தூக்கினான், உடனே இறக்கினான்.

“அண்ணே, வெயில் தலைக்கு மேலல்ல இருக்கு?”

நால்வரும் வேலியோரம் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். சூரியனை இறக்க முடியாது. முதுகைத்தான் திருப்ப வேண்டும். சோணைமுத்து சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தான். ஆண்டிச்சாமி அவன் முதுகில் கைவைத்துப் பார்த்து, “நல்லாச் சுடுது, எடு” என்றான். எடுத்தான். படத்தில் மண் வந்தது, ஒரு கட்டெறும்பு வந்தது, வயிற்றுக்கடியில் நசுங்கிய நெருஞ்சிப்பூவும் கொஞ்சம் வந்தது. அதன் முள் எங்கே போனது என்பது சோணைமுத்துவுக்கு எழுந்திருக்கும்போது தெரிந்தது.

சாயங்காலம் சூரியன் மேற்கே போய்விட்டதால் இவர்களும் மேற்கே போய் நின்றார்கள். பார்த்தால், காலையில் சுமந்த குப்பைமேடு இப்போது மரத்துக்குப் பின்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மறுபடி கூடை, மறுபடி சுமை. கொட்டி முடித்துப் போனைத் தூக்கினால் இருட்டிவிட்டது. மறுநாள் காலை கிழக்கே போய் நின்றால் குப்பை பழையபடி மேற்கே இருந்தது.

சோணைமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூவோ உதிர்ந்துகொண்டே இருந்தது. பூ தீர்ந்தால் போட்டோ இல்லை, போட்டோ இல்லாவிட்டால் முத்துப்பேச்சி இல்லை. நல்லவேளை, மொக்கையன் பெண்டாட்டி வீரம்மா வெளியே வந்தாள். “குப்பையைச் சுமக்குறதுன்னு ஆச்சு, வயல்ல கொண்டுபோய்க் கொட்டித் தொலைங்கடா” என்று வண்டியைப் பூட்டிக் கொடுத்தாள். அந்த யோசனை பெத்தணனுக்கே வந்திருக்கும், அதற்குள் அவள் அவசரப்பட்டுவிட்டாள்.

குப்பை ஒழிந்தது. வெயில் முதுகில் இருந்தது. பூ மட்டும் லேசாக ஆடியது.

“நாம விடுற மூச்சுக்காத்துதான்டா ஆட்டுது” என்றார் பெத்தணன். “எல்லாரும் மூச்சைப் பிடிங்க. படம் எடுத்து முடியிற வரைக்கும் யாரும் விடக்கூடாது.”

பிடித்தார்கள். பூ நிற்கட்டும் என்று சோணைமுத்து காத்திருந்தான். மொக்கையன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஆண்டிச்சாமி சொன்ன சொல் தவறாதவன், கண்செருகிச் சோணைமுத்து மேலேயே சாய்ந்தான். சாய்ந்த வேகத்தில் விரல் அமுங்கியது. அடடா, எப்பேர்ப்பட்ட படம்! மரம் ஒற்றையாளாக, மஞ்சள் மஞ்சேளென்று, ராஜா மாதிரி நின்றது. ஆண்டிச்சாமிக்கு மயக்கம் தெளிவதற்குள் படம் குறுக்கனேரிக்குப் போய்விட்டது.

அன்றைக்கே தரகர் பெத்தணனுக்குப் போன் செய்தார். “போட்டோவைப் பொண்ணுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வெள்ளிக்கிழமை வர்றாங்க. மாப்பிள்ளையைத் தயாரா இருக்கச் சொல்லுங்க.”

சோணைமுத்து துள்ளிக் குதித்தான். பெத்தணன் அவன் தோளில் கைவைத்து உட்காரவைத்தார்.

“மனசைத் தேத்திக்க மாப்ளே. ஊர் உலகத்துல கல்யாணத்துக்குப் போட்டோ அனுப்புனா, பிடிச்சிருக்குன்னு சொல்றது யாரை?”

“போட்டோவுல இருக்கிறவனை.”

“போட்டோவுல நீ இருந்தியா?”

சோணைமுத்து போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கித் தேடினான். இருந்தது மரம்தான். அன்றிரவு சோறு மட்டுமல்ல, தண்ணீரும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கொன்றைக்குப் பட்டுவேட்டி சுற்றி, துண்டு போட்டு, திருநீறு பூசி நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளைத் தோழனாகச் சோணைமுத்து பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி நின்றான். குறுக்கனேரியிலிருந்து வந்த அழகுமலை மரத்தைச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்த்தார்.

“நல்ல உயரம். வாயே திறக்க மாட்டேங்கிறாரே?”

“அடக்கமான பையன்” என்றார் பெத்தணன். “குடி, சீட்டு எதுவும் கிடையாது. ராத்திரி எங்கேயும் போகமாட்டாரு.”

அழகுமலைக்குப் பரம திருப்தி. முத்துப்பேச்சி மட்டும் மரத்தைப் பார்க்காமல், குடை பிடித்தவனின் சிவந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நம்ம வீட்டு வாசல்லயும் கொன்றைதானே நிக்குது? கூடப்பொறந்தவங்க இல்லாத குறைக்கு அதை நான் அண்ணன்னுதானே கூப்பிடுறேன்? அப்ப இவரும் எனக்கு அண்ணன் முறைதான்.”

அழகுமலை பதறிப்போய்த் தலையில் கைவைத்தார். “ஆத்தாடி, பெரிய பாவத்துக்குல்ல ஆளாகியிருப்பேன்!”

“இந்தக் குடைக்காரர் என்ன முறைன்னு கேளுங்க” என்றாள்.

கேட்டார்கள். குடைக்காரருக்கு முறை பொருந்தியது. சோணைமுத்து அழுதுகொண்டே சிரித்தான்.

சித்திரையில் அந்தக் கொன்றையடியிலேயே கல்யாணம். தாலிக்கு முன்னால் பெண்ணோடு பிறந்தவன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட வேண்டும். அண்ணன் முறைக்கு இருப்பது கொன்றை ஒருத்தர்தான். சோணைமுத்து தாம்பாளத்துக்கு மேலே காலை நீட்டிக்கொண்டு நின்றான். மச்சான் அசையவில்லை.

“மாப்பிள்ளை முறுக்கு தெரியும், மச்சான் முறுக்கை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றான் மொக்கையன்.

“மழை பெஞ்சா மச்சான் மேல விழுந்த தண்ணி கீழே சொட்டும்” என்றார் பெத்தணன். “அவரு கழுவிவிட்ட கணக்குத்தான். பொறுப்போம்.”

சபை வானத்தைப் பார்த்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஐயர் கண்ணயர்ந்துவிட்டார். முத்துப்பேச்சி கொசுவத்தை இழுத்துச் செருகினாள், ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்பக்கமாக மரத்தில் ஏறினாள், மேலேயிருந்து மடமடவென்று ஊற்றினாள்.

முதல் சொட்டு மூக்கில் விழுந்ததுமே சோணைமுத்து “மழை” என்று கத்திவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான். மொட்டைமாடியில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தான். அவன் பின்னாலேயே ஊர்ச்சனமும் ஓடியது.

வத்தல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தவன் தாம்பாளம் நிறையத் தண்ணீரைப் பார்த்தான். “அடடா, மச்சான் கழுவிவிட வந்த நேரத்துல நான் இல்லாமப் போயிட்டேனே” என்று வருத்தப்பட்டுவிட்டு, மூட்டையை இறக்காமலே காலை மறுபடி நீட்டினான்.

கிளையிலிருந்து முத்துப்பேச்சி இன்னொரு குடம் கேட்டாள்.