வளைவில் கழன்ற டயர்

நாமக்கல்லில் ஒற்றை லாரி வைத்திருந்த நல்லசிவத்துக்குத் தன் வண்டி மற்ற வண்டிகளைவிட உயரமாக நிற்க வேண்டும், கூடுதலாகப் பாரமும் ஏற்ற வேண்டும் என்று ஆசை. அகலமான பெரிய டயர்களை வாங்கிவந்து டயர் கடை மஸ்தானிடம் மாட்டச் சொன்னார். மஸ்தான் அளந்து பார்த்துவிட்டு மறுத்தார். டயர் உட்காரும் இரும்பு ரிம் அகலம் போதாது, ரிம்மையும் மாற்றாவிட்டால் வளைவில் டயர் கழன்றுவிடும் என்றார். ரிம்மை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், இப்போது டயரை மாட்ட முடியாதென்றால் வேறு கடைக்குப் போகிறேன் என்றார் நல்லசிவம். மஸ்தான் மாட்டிக் கொடுத்துவிட்டார். ஓட்டுநர் செங்கோடனிடம் இருவருமே ஒன்றும் சொல்லவில்லை.

வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாக ஆடுகிறது என்று செங்கோடன் இரண்டு முறை முதலாளியிடம் சொன்னான். புது டயர் அப்படித்தான், பழகிவிடும் என்று அவர் அனுப்பிவைத்தார். இரண்டு மாதம் கழித்து, கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கும்போது, ஒரு வளைவில் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. பள்ளத்தில் விழாமல் இருக்க, அவன் வண்டியைப் பாறைமேல் மோதி நிறுத்தினான். இரண்டு கால்களும் முறிந்தன.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்க, வேகமாக ஓட்டி வண்டியை நாசமாக்கினான் என்று நல்லசிவம் லாரிச் சங்கத்தில் புகார் கொடுத்தார். இனி எந்த லாரியிலும் அவனை ஓட்டுநராக வைக்கக்கூடாதாம். அதைக் கேட்டதும் அவன் மனைவி பாவாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் அவள். விசாரணை நாளன்று கழன்ற டயரைச் சங்கக் கூடத்துக்கு உருட்டிக்கொண்டே போனாள்.

"தொட்டுப் பாருங்க. நடுவுல மொட்டையாத் தேஞ்சிருக்குது. ஓரம் அப்படியே புதுசா இருக்குது. வளைவுல வேகமாத் திருப்பியிருந்தா மொதல்ல ஓரந்தான் தேயும். குறுகலான ரிம்முல நெருக்கி மாட்டுனதால நடு புடைச்சிருக்குது. எம் புருஷனையா குத்தம் சொல்றீங்க?"

மஸ்தான் தலைகுனிந்தபடி, தான் அப்போதே எச்சரித்ததைச் சொன்னார். மாட்டியது அவர் கைதானே, எனக்கென்ன இயந்திரம் தெரியுமா என்று நல்லசிவம் கேட்டார். வண்டி ஆடுவது தெரிந்தும் ஓட்டியவன் செங்கோடன்தானே என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதலாளி, டயர் மாட்டியவர், ஓட்டுநர். இந்த மூவரில் பெரிய குற்றவாளி யார்?

விடை: ரிம் போதாது என்று மஸ்தானுக்குத் தெரியும்; வண்டி ஆடுவது அவருக்குத் தெரியாது. வண்டி ஆடுவது செங்கோடனுக்குத் தெரியும். ரிம் விஷயம் அவனுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்திருந்த ஒரே ஆள் நல்லசிவம். இயந்திரம் தெரியாது என்பதெல்லாம் சாக்கு; தெரிந்தவர் சொல்லியும் கேட்காதவர் அவர். வேண்டாம் என்று தெரிந்தும் மாட்டிய மஸ்தான் இரண்டாவது. செங்கோடன்மேல் துளிக் குற்றமும் இல்லை. சங்கம் அப்படியே எழுதி, வைத்தியச் செலவையும் நல்லசிவத்தின் தலையில் போட்டது. தீர்ப்பைக் கையில் வாங்கிய பாவாயி, அதை அவரே தன் வாயால் உரக்கப் படிக்கட்டும் என்று அவரிடம் நீட்டினாள். அவர் படித்து முடிக்கும்வரை கூடத்தில் ஒருவரும் உட்காரவில்லை.