கூகைமலைக் கோபுரத்தில் வெட்டிய வாசகம்

வெகு காலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டைக் கடம்பவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சீறுவான். தன்னைப் போல் விகடம் பேச ஆளில்லை என்ற எண்ணம் வேறு. அவன் வாயைத் திறந்தாலே சபை குலுங்கிச் சிரிக்கும். சிரிக்காதவனுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகாது.

தலைநகரை ஒட்டியே கூகைமலை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கணவாய். இரண்டு வருஷத்துக்கு முன் பகைவர் படை அந்த வழியாகப் புகுந்தது. கணவாயைக் காத்து நின்ற நாற்பது வீரர்களும் மாண்டார்கள். மலையுச்சியில் காவலிருந்து, தீ மூட்டிப் புகையால் எச்சரித்த மூக்காண்டியும் மாண்டான். ராஜாவின் படை பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் பகைவரைத் துரத்திவிட்டது.

செத்தவர்கள் நினைவாக மலையுச்சியில் ஒரு காவல் கோபுரம் கட்டச் சொன்னான் ராஜா. நாலு திசைக்கும் நாலு சாளரம், ஆள் ஏறி நிற்க மேல்தளம் என்று கோபுரம் எழும்பியது. வாசலில் கல்வெட்டு மட்டும் பாக்கி.

"வாசகம் யார் நன்றாக எழுதுகிறாரோ அவருக்கு என் கைக்கடகம்!" என்று அறிவித்தான் ராஜா.

சபைக் கவிராயர் சொக்கநம்பி முந்திக்கொண்டார். எதற்கெடுத்தாலும் ராஜா அமைச்சர் அறவாழியையே கேட்கிறாரே என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். ஓலையை உயர்த்திப் பிடித்துப் படித்தார். "புகை கண்ட கணமே புரவி ஏறிப் புயலெனப் பாய்ந்த கடம்பவேலன் நாட்டிய வெற்றிக் கோபுரம்!"

"செத்தவர்களின் பெயர்?" என்றார் அமைச்சர்.

"அரசரின் பட்டங்களுக்கே கல்லில் இடம் போதவில்லை, அமைச்சரே!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டு, "உமது வாசகம் எங்கே, அறவாழி? வெறுங்கையோடு வந்திருக்கிறீரே?" என்று சீண்டினான்.

"காலத்துக்கும் நிற்கப்போகிற கல்லில் அரசரின் சொல்லல்லவா இருக்க வேண்டும்? புகை எழுந்த அன்று, சேதி கேட்டதும் தாங்கள் ஒரு வாசகம் சொன்னீர்கள். அதையே வெட்டிவிடலாம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. இது என் ஆணை! சரி, அன்று நான் என்ன சொன்னேன்?"

தினம் நூறு விகடம் சொல்கிறவனுக்கு எது நினைவில் நிற்கும்? சபையில் இருந்தவர்களுக்கு நினைவிருந்தது. ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"'எழுக படை!' என்று முழங்கினீர்கள், அரசே" என்றார் சொக்கநம்பி.

"முழங்கினேனா?"

"சேதி கொண்டுவந்தவரே வெளியில் நிற்கிறார், கேட்டுவிடலாம்" என்றார் அமைச்சர்.

உள்ளே வந்தவள் மூக்காண்டியின் மனைவி வேலாச்சி. அன்று தீ மூட்டிவிட்டு, கூட இருந்த இவளைத்தான் கீழே ஓடச் சொன்னான் அவன். அம்பு பட்டு விழும்வரை தீயை அணையவிடாமல் விறகு போட்டுக்கொண்டே இருந்தான். அதே மலைக்குத்தான் இவள் இரண்டு வருஷமாகச் சுண்ணாம்பு சுமக்கிறாள். விரலெல்லாம் வெடித்திருந்தது.

"பயப்படாமல் சொல்லம்மா. உன்மேல் ஒரு குற்றமும் வராது" என்றான் ராஜா.

"வேணாம் சாமி. ஆனது ஆகிப்போச்சு."

"சொல்."

அவள் தலை நிமிரவில்லை. "'மலையில எவனோ கிழங்கு சுடுறான், எனக்கும் ரெண்டு எடுத்துவரச் சொல்லு'ன்னு சொன்னீங்க சாமி. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மறுபடியும் கத்தினேன். இழுத்துட்டுப் போயி வெளியில விட்டுட்டாங்க. வெயில் சாய்ஞ்ச பொறவுதான் படை கிளம்பிச்சு."

ராஜா சுற்றிலும் பார்த்தான். இல்லை என்று சொல்ல ஒருவராவது வாய் திறக்க மாட்டாரா என்று பார்த்தான். சொக்கநம்பி ஓலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அறவாழி! சபை நடுவே என்னை அவமானப்படுத்தவா இந்த ஏற்பாடு?"

"அவமானம் எனக்கும் சேர்த்துத்தான், அரசே. அன்று முதலில் சிரித்தவன் நான். இந்த அம்மாள் சுண்ணாம்புக் கூடையோடு எதிரே வந்தால் நான் வேறு வழியாகப் போய்விடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான். தலையை எடுப்பதென்றால் எடுங்கள். ஆனால் புகை கண்டதும் பாய்ந்ததாக ஒரு பொய்யை வெட்டி, அதன் கீழே இவரை நடக்கவிட வேண்டாம்."

வேலாச்சியின் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, "எழுத்து மாறக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன்" என்றான் ராஜா.

"ஆணையை மாற்றிக்கொள்ளலாமே, அரசே. யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார் சொக்கநம்பி.

"அன்று சிரித்த அத்தனை பேருக்கும் தெரியுமே, நம்பி!" ராஜா அவர் ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தான். "வீடு வீடாகப் போய் நாற்பத்தொரு பெயரையும் கேட்டு எழுதி வாரும். பல்லக்கு கிடையாது. நடந்தே போம்."

கடகத்தைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். அவர் கையை நீட்டவில்லை. வேலாச்சியிடம் நீட்டினான்.

"நகை வேணாம் சாமி. இனி மலையிலருந்து யாரு ஓடி வந்தாலும், அவங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் இங்க யாரும் சிரிக்கக் கூடாது. அது போதும்."

அதையே சட்டமாக்கினான் ராஜா.

கல்லில் முதலில் மூக்காண்டி பெயர், பிறகு நாற்பது பெயர்கள், கடைசியில் ராஜா சொன்ன அந்த வாசகம். கல்தச்சன் உளியை வைக்கத் தயங்கினான். ராஜா பக்கத்திலேயே நின்று வெட்டவைத்தான்.

திறப்பு நாளன்று வேலாச்சியை முன்னால் விட்டு ராஜா கோபுரத்தில் ஏறினான். ஒரு சாளரத்தில் கணவாய் தெரிந்தது. எதிர்ச் சாளரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். நேர் கீழே அரண்மனை. முற்றத்தில் நடமாடுகிற ஆட்களை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"அன்றைக்கு இங்கிருந்து பார்த்தால் நாங்கள் தெரிந்திருப்போமா?"

"நல்லாத் தெரியும் சாமி. வெள்ளைப் பந்தல் போட்டு உக்காந்திருந்தீங்க. இன்னும் யாரும் எந்திரிக்கலையேன்னு அவர் பாத்துக்கிட்டேதான் இருந்திருப்பார்."

கீழே மாலையும் மேளமுமாக நின்றவர்கள் வெகுநேரம் காத்திருந்தார்கள். ராஜா இறங்கி வந்தபோது மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கினார்கள். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவன் நடந்து போனான்.