காய்ந்த தோணியும் முங்கிய தோணியும்

நெடுங்கோ என்னும் அரசன் ஆண்ட பதினோராம் ஆண்டு, ஆவணி மாதம், ஒரு விடியற்காலை. முத்துக்கழித் துறையில் வாடகைக்கு மூன்று தோணிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுக்க வந்தவன் பெயர் காளத்தி.

முத்துக்கழி எங்கே என்று கேட்காதீர்கள். இன்று போய்த் தேடினால் மணல்தான் கிடைக்கும். அன்று அங்கே பெரிய காயல் இருந்தது. எதிரே தென்னை மரங்களோடு நடுத்திட்டு என்ற தீவு தெரியும். கிழக்கே முகத்துவாரம், அதன் வழியாகக் கடல் உள்ளே வரும், போகும். விடிந்தால் துறை முழுக்க மீனெண்ணெய் வாடை. தோணிப் பலகைகளுக்கு அதைத்தான் பூசுவார்கள். முதலில் மூக்கைப் பொத்துகிறவர்கள்கூட ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த வாடையைத் தேடுவார்களாம்.

அந்தத் துறையில் தோணிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. அதையும் யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் கேட்காததால்.

காளத்தி வெளியூர்க்காரன். கரிசல் காட்டு மாட்டு வியாபாரி. மாடு விற்பான், வாங்குவான், உழவுக்கும் வண்டிக்கும் வாடகைக்கு விடுவான். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வான். சுழியைப் பார்த்துக் குணத்தைச் சொல்வான். சாணியைப் பார்த்து நேற்றுத் தின்ற தீனியைச் சொல்வான். தண்ணீர் என்றால் அவனுக்குக் கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், குடிக்கிற தண்ணீர். அதன்மேல் ஏறிப் போகலாம் என்பதைக் கேள்விப்பட்டிருந்தான், அவ்வளவே.

அவன் போக வேண்டிய இடம் நடுத்திட்டு. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அவன் தங்கை உடையாளின் மகளுக்கு அன்று காதுகுத்து. வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன் முகூர்த்தம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் இன்னொருவன் மடி தருவான். அதற்குப் பிறகு அண்ணன் அண்ணன் இல்லை, தங்கை தங்கை இல்லை.

அண்ணனும் தங்கையும் பேசிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணம் ஒரு பசு. வெள்ளச்சி என்று பெயர், நெற்றியில் பிறை போல வெள்ளை. சின்ன வயதில் இருவரும் அதன் முதுகில் ஏறிக்கொண்டு கம்மங்காட்டுக்குப் போவார்கள். முன்னால் தங்கை, பின்னால் அண்ணன். மழை வந்தால் வெள்ளச்சியின் வயிற்றுக்கு அடியில் ஒதுங்குவார்கள். உடையாள் கல்யாணமாகிப் போன அடுத்த மாதமே காளத்தி அதைச் சந்தையில் விற்றுவிட்டான். அவனுக்கு அது ஒரு உருப்படி. அவளுக்கு அப்படி இல்லை. சேதி போனதும் தங்கை, "என்னையும் அதோட சேர்த்து ஓட்டி விட்டுட்டான்" என்றாளாம். அதோடு பேச்சு நின்றது.

காதுகுத்துச் சேதி வேறு ஆள் மூலம் வந்தபோது காளத்தி மூன்று சந்தை அலைந்தான். முதல் சந்தையில் வெள்ளச்சியை வாங்கியவனைக் கண்டுபிடித்தான். இரண்டாம் சந்தையில் அவன் யாருக்கு விற்றான் என்று தெரிந்துகொண்டான். மூன்றாம் சந்தையில் வெள்ளச்சியின் பேத்தி வயிற்றுக் கன்றைப் பிடித்துவிட்டான். நெற்றியில் அதே பிறை. அந்தக் கன்று, ஒரு மூட்டை அரிசி, ஒரு பானை வெல்லம், குழந்தைக்குப் பாவாடை, கம்மல். இந்தச் சீரோடுதான் அவனும் மனைவி வெள்ளைத்தாயும் துறையில் வந்து நின்றார்கள்.

மூன்று தோணிகளில் முதலாவது மிகப் பெரியது. ஆறு பேர் தண்டு வலித்தால்தான் நகரும். அது ஆகாது.

இரண்டாவது, சிங்காரம் என்பவனுடையது. ஓலைப் பந்தலுக்கு அடியில், மணல்மேல், கட்டைகளில் ஏற்றி நிறுத்தியிருந்தான். முகப்பில் இரண்டு கண்கள் வரைந்து, பக்கமெல்லாம் செம்மண் நிறம் பூசி, கழுத்தில் மாலையும் போட்டிருந்தான்.

மூன்றாவது, நீலாயி என்பவளுடையது. அது தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. நீலாயி பக்கத்தில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னா எடுத்துத் தாரேன், அண்ணாச்சி" என்றாள்.

காளத்தி சிரித்துவிட்டான். "முங்கின தோணியை வாடகைக்கு விடுற ஊரை இப்பத்தான் பாக்கேன்."

"கொக்கு எறங்கினதும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறாலைப் பார்க்கத் திரும்பினாள்.

காளத்தி சிங்காரத்தின் தோணியை மூன்று தரம் சுற்றி வந்தான். மாட்டின் விலாவைத் தட்டுவது போலத் தட்டிப் பார்த்தான்.

"எப்ப கடைசியா ஓடுச்சு?"

"பொங்கலுக்கு ஓடினது. அதுக்கப்புறம் தண்ணியே தொடலை. வெயில்பட்டுக் காஞ்சு, கலகலன்னு இருக்கு."

சிங்காரம் சொன்னது அத்தனையும் உண்மை. காளத்தியின் காதில்தான் அது வேறாக விழுந்தது. பொங்கலிலிருந்து நுகத்தடி படாத காளை எப்படியிருக்கும்? திமிலும் தெம்புமாக இருக்கும். "நல்லா ஓய்வெடுத்த உருப்படி" என்று மனைவியிடம் சொன்னான்.

காயலின் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்தான். நீண்ட கழியை ஊன்றித் தள்ளினால் தோணி நகரும். சிங்காரமும் இன்னும் சிலரும் தோணியை நீரில் இறக்கிவிட்டார்கள். காளத்தி கழியை ஊன்றினான். அது போகவும் போயிற்று. வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. கரை கொஞ்சம் விலகியது.

கன்றுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு காலைத் தூக்கியது. அதை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கியது. பிறகு நாலு காலையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைத்தது. ஈரத்தில் நிற்கும் கன்று அப்படித்தான் செய்யும் என்பது காளத்திக்குத் தெரியும். குனிந்து பார்த்தான். பலகைக்குப் பலகை இடையில், அவற்றைச் சேர்த்துத் தைத்த கயிற்றின் ஓரமாக, தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி வந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் இல்லை. எல்லா இடத்திலும்.

"வெல்லம் போச்சு!" என்றாள் வெள்ளைத்தாய். பானையைக் கவிழ்த்து அதாலேயே இறைக்கத் தொடங்கினாள். காளத்தி தோணியைத் திருப்பினான். கரை சேர்ந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. கன்று அவன் தோளில் இருந்தது. அரிசி மூட்டை ஊறிப் பெருத்திருந்தது.

"ஏம்யா, ஓட்டைத் தோணியையா குடுத்தே?" என்று கத்தினான்.

"ஓட்டை ஏது அண்ணாச்சி?" என்றான் சிங்காரம். "காஞ்ச பலகை சுருங்கும். சுருங்கினா தையல் வாய் பொளக்கும். தண்ணியில ஊறப் போட்டா மறுபடி மூடிக்கிடும். நான் காஞ்சு கிடக்குன்னு சொன்னேனா இல்லையா? ஒழுகுமான்னு நீங்க கேட்டீங்களா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே நடுத்திட்டிலிருந்து மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. காளத்தி மணலில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பக்கம் ஒரு குழந்தை யாரோ ஒருவன் மடியில் உட்காரப் போகிறது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தான்.

வெள்ளைத்தாய் முந்தானையைப் பிழிந்தபடி கேட்டாள். "உங்ககிட்ட மாடு வாடகைக்கு வாங்க வர்றவன், நல்ல மாடான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நல்ல மாடும்பேன்."

"மனசுக்குள்ள?"

"சரியான ஏமாளின்னு நெனைப்பேன்."

"வெவரமானவன் என்ன கேப்பான்?"

"இது எதுக்கு மிரளும்னு கேப்பான்."

"எந்திரிங்க. போய் அதைக் கேளுங்க."

காளத்தி எழுந்தான். நீலாயியிடம் போனான். கொக்கு போயிருந்தது.

"தாயி, சிரிச்சது தப்பு. உன் தோணி எதுக்கு மிரளும்?"

நீலாயியின் கை நின்றது. இறால் தட்டைக் கீழே வைத்தாள். "இத்தனை காலத்துல இதை யாரும் கேட்டதில்லை" என்றாள். "மூணுக்கு மிரளும். ஒண்ணு, பாரம். நீங்க ரெண்டு பேரும் கன்னுக்குட்டியும் போகலாம், மூட்டை ஆகாது. ரெண்டு, இதுக்கு இடப்பக்கம் சாயுற குணம் உண்டு. கன்னை வலப்பக்கம் கட்டணும். மூணு, மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காத்து. அது எழும்பினா முகத்துவாரத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிரும். அதனால நேரா போகாதீங்க. வலைக் கம்பு நட்டிருக்கு பாருங்க, அதை ஒட்டி மேற்கே ஏறிக்கிட்டு அப்புறம் திரும்புங்க. காத்தே கொண்டுபோய்த் திட்டுல விட்டுரும்."

"நடுவுல கழி எட்டாத இடம் இருக்கா?"

"இருக்கு. அங்க எந்திரிச்சு நிக்கக் கூடாது. உக்காந்து துடுப்புப் போடணும். பயமா இருந்தா கன்னைப் பிடிச்சுக்கோங்க, அதுவும் உங்களைப் பிடிச்சுக்கிடும்."

எல்லோருமாகத் தோணியை ஒருச்சாய்த்து, பனையோலைப் பட்டையால் தண்ணீரை இறைத்தார்கள். உள்ளே பாசி பிடித்து, பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனால் ஊறிய பலகைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. காளத்தி விரலால் தையலைத் தடவிப் பார்த்தான். நகம் இறங்கவில்லை.

அரிசி மூட்டை கரையிலேயே கிடந்தது. அரிசி இல்லாமல் சீர் கொண்டுபோனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவன் ஒரு கணம் மூட்டையைப் பார்த்தான், ஒரு கணம் கன்றைப் பார்த்தான். கன்றை வலப்பக்கம் கட்டினான்.

வலைக் கம்புகளை ஒட்டி மேற்கே ஏறினார்கள். நடுக்காயலில் தண்ணீரின் நிறம் கறுத்தது; கழி எட்டவில்லை. உட்கார்ந்து துடுப்புப் போட்டார்கள். அப்போதுதான் மேல்காற்று எழும்பியது. தோணி இடப்பக்கம் சாய்ந்தது. தெரியாதவனாக இருந்தால் எழுந்து நின்றிருப்பான், மூவரும் கடலுக்குப் போயிருப்பார்கள். காளத்தி வலப்பக்கம் நகர்ந்து கன்றோடு ஒண்டினான். தோணி நிமிர்ந்தது. முரட்டு மாட்டின் குணம் தெரிந்துவிட்டால் அதுவும் சாது மாடுதானே.

அவர்கள் திட்டில் இறங்கியபோது பந்தலில் ஆசாரி ஊசியைக் கையில் எடுத்திருந்தார். குழந்தை, உடையாளின் கணவன் வீட்டு உறவினர் ஒருவர் மடியில் உட்கார்ந்திருந்தது. கூட்டத்தின் பின்னால் நனைந்த வேட்டியோடு நின்ற காளத்திக்கு வாய் வரவில்லை. எத்தனையோ ஆண்டுகளாகப் பேசாத வாய். கன்றுதான் கத்தியது.

உடையாள் திரும்பினாள். முதலில் கன்றைப் பார்த்தாள். நெற்றிப் பிறையைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அண்ணனைப் பார்த்தாள்.

"ஆசாரி, ஊசியைக் கீழ வைங்க" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே வந்தாள்.

"அரிசி கொண்டுவர முடியலை, தாயி" என்றான் காளத்தி. "வெல்லமும் கரைஞ்சுபோச்சு."

"வாய்க்கால் தாண்டவே வெள்ளச்சி வாலைப் பிடிச்சுக்கிட்டு வருவியே, அண்ணே. காயலை எப்படித் தாண்டினே?"

"ஒரு தோணி கைவிட்டுச்சு. ஒரு தோணி கொண்டுவந்துச்சு."

"சரி, உக்காரு."

"வேட்டியெல்லாம் ஈரம். பிள்ளைக்குக் குளிரும்."

"இம்புட்டு வருசம் உன் மடி காஞ்சு கிடந்தது போதும்" என்று சொல்லி, அவள் குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

அவன் வலது கையால் குழந்தையை அணைத்துக்கொண்டான். ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் தங்கையும் மட்டும் குழந்தையோடு சேர்ந்து அழுதார்கள். கன்று பந்தல் தோரணத்தைத் தின்றுகொண்டிருந்தது.

ஆகவே, கேட்டவர்களே, முதன்முறை தோணியை வாடகைக்கு எடுக்கிறவன் அதன் அழகைப் பார்த்து ஏறக் கூடாது, அதன் குறையைக் கேட்டு ஏற வேண்டும்.

நெடுங்கோவின் இருபத்தெட்டாம் ஆண்டு, ஐப்பசி மாதப் புயலில் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தது. அடுத்த ஆண்டு ஆவணியில் காயல் வற்றி, முத்துக்கழியிலிருந்து நடுத்திட்டுக்கு முதல் மாட்டு வண்டி போயிற்று. அதில் பூட்டியிருந்தவை காளத்தியின் மாடுகள்.