வல்லூறின் குரல் தெரிந்த கரிச்சான்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதர்களைப் போலப் பேசிக்கொண்டும், மனிதர்களைப் போலவே ஒருவரை ஒருவர் நம்பாமலும் இருந்த காலத்தில், கடல் நடுவே ஒரு தீவு இருந்தது. அங்கே வந்தவை எல்லாம் கப்பலில் வந்தவை. மைனாக்கள் அரிசி மூட்டையோடு வந்தன. புறாக்கள் கூண்டில் வந்தன. காக்கைகள் யாரும் கூப்பிடாமலே பாய்மரத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தன. வல்லூறு மட்டும் கப்பல் தலைவனின் கையில், தோல் உறையின் மேல், ராஜா மாதிரி வந்து இறங்கியது.

வந்த இடத்தில் பிள்ளை குட்டி பிறக்காமல் இருக்குமா? காக்கைக்கும் மைனாவுக்கும் ஒரு வழி, மைனாவுக்கும் புறாவுக்கும் ஒரு வழி என்று கலந்து பிறந்தவர்களைக் கப்பல்காரர்கள் ‘கிரியோல்’ என்றார்கள். இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் என்று அர்த்தம். மற்றப் பறவைகள் அந்தச் சொல்லை மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்லின. கிரியோல்கள் அதையே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்கள்.

கரிச்சான் ஜோசெபின் அந்தக் கிரியோல்களில் ஒருத்தி. அப்போது கரிச்சானின் வால் மற்றப் பறவைகளின் வாலைப் போல ஒரே துண்டாகத்தான் இருந்தது. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். குஞ்சு பொரித்ததும், வாயில் முதல் இரை வைப்பதற்கு முன்னால், முன்னோர் அத்தனை பேரையும் அவரவர் குரலிலேயே கூப்பிட வேண்டும். காக்கைப் பாட்டனைக் காக்கைக் குரலில், மைனாப் பாட்டியை மைனாக் குரலில். கடைசியில் வல்லூறின் குரல். அவர்கள் வம்சத்தில் ஒருத்தியை அந்த வல்லூறு தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்ததால் வந்த உறவு அது. வெளியே சொல்லிக்கொள்ளும் உறவா? அதனால் அதை மட்டும் அலகை மூடிக்கொண்டு தொண்டைக்குள் சொல்வார்கள்.

“அந்தப் பாவியோட குரலை விட்டுட்டா என்ன?” என்று புருஷன் எமில் ஒருமுறை கேட்டான்.

“ஒருத்தரை விட்டா, அடுத்து யாரை விடலாம்னு யோசனை வரும்” என்றாள் ஜோசெபின்.

அந்த வருஷம் அவளுக்கு மூன்று குஞ்சுகள். புளியமரத்தின் உச்சிக் கிளையில் கூடு. நேரம் பாருங்கள், அதே வருஷம்தான் அந்த மரத்துக் கூடுகளுக்குச் சனி பிடித்தது. ஒரு நாள் காக்கையின் குஞ்சு போயிற்று. இன்னொரு நாள் மைனாவின் குஞ்சு. பெரியவர்கள் கூட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வல்லூறு வந்தது. எப்போது வரலாம் என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மரமே பேசிக்கொண்டது. கீழ்க்கிளையில் கூட்டம் போட்டார்கள். மறுபடி ஒரு குஞ்சு போனது. மறுபடி கூட்டம் போட்டார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஜோசெபின் உடம்பெல்லாம் கறுப்பு. போதாததற்கு, காக்கையைக் கண்டால் காக்கை பாஷையிலும் புறாவைக் கண்டால் புறா பாஷையிலும் நலம் விசாரிப்பவள். நேற்றுவரை அது மரியாதையாக இருந்தது. இன்று அதுவே குற்றமாகிவிட்டது.

“எல்லார் பாஷையும் தெரிஞ்சவளுக்குத்தானே எல்லார் வீட்டு விஷயமும் தெரியும்?” என்றாள் பக்கத்துக் கிளை மாதலேன் புறா. பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ கூட்டுக்குள்ள வல்லூறு குரல் கேட்டேன். என் காதால கேட்டேன்” என்றாள். அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் வேர் வரைக்கும் இறங்கிவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஜோசெபினுக்கும் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். கூட்டை எட்டிப் பார்ப்பவள் குஞ்சைக் கொஞ்ச வந்தாளா, வேவு பார்க்க வந்தாளா? இரை தேடப் போனால் யார் பின்னால் வருகிறார்கள்? எமில் காவலுக்கு உட்கார்ந்தால்கூட, அவன் தூங்கிவிடுவானோ என்று பாதி வழியில் திரும்பி வந்தாள்.

இப்படி இருக்கையில் மரத்தின் தலைவர் அருணகிரி மைனா தானே தேடி வந்தார். அலகில் கொழுத்த புழு ஒன்று. வாங்கிக்கொள்ளவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“ஜோசெபின், உன் நல்லதுக்குச் சொல்றேன். நாளைக்குக் காலையில கூட்டம். கிரியோல்களை எல்லாம் மரத்தைவிட்டு அனுப்பறதுன்னு முடிவாயிடுச்சு. உன் பசங்களுக்கு இன்னும் இறக்கை முளைக்கலை, இல்லையா?”

“முளைக்கலை, பெரியவரே.”

“நீ கறுப்பு. நான் காக்கை, வேற யாரும் இல்லைன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிடு. இனிமே காக்கை பாஷை மட்டும்தான் பேசுவேன்னு சத்தியம் பண்ணு. நீ இருக்கலாம். மத்தவங்க போகட்டும்.”

அவர் போன பிறகு அவள் மூன்று குஞ்சுகளையும் பார்த்தாள். தரையில் இறக்கினால் ஒரு பொழுது தாங்காது. ஒரே ஒரு பொய்தானே, சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்தாள். அவள் அப்படி நினைத்ததை நாம் மறைப்பானேன்?

காலையில் மரமே கீழ்க்கிளையில் கூடியது. ஆளுக்கு ஆள் கத்தினார்கள். எல்லாக் கண்ணும் ஜோசெபின் மேல். அவள் குஞ்சுகளை நினைத்து மேலே பார்த்தாள். அங்கே ஒரு நிழல் வட்டமடித்து இறங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரும் மேலே பார்க்கவில்லை.

“சொல்லும்மா, நீ யாரு?” என்றார் அருணகிரி.

காக்கைக் குரலில் கத்தினால் வல்லூறு திரும்பிக்கூடப் பார்க்காது. வல்லூறு பயப்படுவது இன்னொரு வல்லூறுக்குத்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால் அந்தக் குரலை எடுப்பது, தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொள்வது. ஆனாலும் அலகை முழுசாகத் திறந்தாள்.

“இது என் இடம்! போடா வெளியே!”

அசல் வல்லூறின் குரல். மரம் அதிர்ந்தது. “பார்த்தீங்களா! நான் சொல்லலை?” என்று மாதலேன் அலறுவது காதில் விழ, ஜோசெபின் அம்பாக மேலே பாய்ந்தாள்.

வல்லூறு திடுக்கிட்டு, இன்னொரு வல்லூறைத் தேடியது. சின்னக் கறுப்புக் குருவியைக் கண்டதும் சிரித்தது. “என் ரத்தமா நீ? அப்ப ஒதுங்கு. உனக்கும் ஒரு பங்கு தரேன்.”

“உன் ரத்தத்துல குரல் மட்டும் எனக்கு வந்து சேர்ந்தாச்சு, அது போதும். பங்கு எனக்கு வேண்டாம்” என்று அதன் பிடரியில் ஏறிக் கொத்தினாள். அது சுழன்று ஒரே பிடியாக அவள் வாலைப் பிடித்தது. நடு இறகுகள் வேரோடு போயின. அவள் விடவில்லை. கொத்தினாள், கொத்தினாள், கடல் தெரியும்வரை துரத்தினாள். போகிற போக்கில் அது கத்தியது: “மறுபடி கூடுவீங்க, அப்ப வரேன். நீங்க கூடிக் கத்தற சத்தம்தானே எனக்குத் தகவல்!”

ரத்தம் சொட்டத் திரும்பி வந்து, கேட்டதை அப்படியே சொன்னாள்.

“அது அப்படித்தான் சொல்லிச்சுன்னு நாங்க எப்படி நம்பறது?” என்றார் அருணகிரி.

“நம்ப வேண்டாம், பெரியவரே. குஞ்சு போன நாள்ல எல்லாம் நீங்க எங்கே இருந்தீங்கன்னு நினைச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்த்தார்கள். முதல் குஞ்சு போனது, தண்ணீர்த் தகராறுக்காகக் கூடியிருந்தபோது. அடுத்தடுத்துப் போனதெல்லாம், யார் உளவாளி என்று பேசக் கூடியிருந்தபோது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாதலேன் பறந்து போய்த் தன் கூட்டைப் பார்த்தாள். இரண்டு குஞ்சும் பத்திரம்.

அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரி, போகட்டும். நீ காக்கைன்னே வச்சுக்கறோம்.”

“வச்சுக்காதீங்க” என்றாள் ஜோசெபின். “எனக்குள்ள காக்கை உண்டு, மைனா உண்டு, இப்ப ஓடினானே அவனும் உண்டு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பேர்தான். கிரியோல். போகச் சொன்னா எல்லாரும் போறோம். இருக்கச் சொன்னா எல்லாரும் இருக்கோம்.”

யாரும் போகச் சொல்லவில்லை.

அன்று முதல்தான் கரிச்சானின் வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது. அன்று முதல்தான் அது உச்சிக் கிளையில் உட்கார்ந்து எல்லார் குரலிலும், வல்லூறின் குரலிலும்கூட, உரக்கக் கத்துகிறது. தன்னைப் போல் நாலு மடங்கு பெரிய வல்லூறைத் துரத்தித் துரத்திக் கொத்துகிறது. புறாக்கள் கரிச்சான் இருக்கும் மரமாகத் தேடிப்பிடித்துக் கூடு கட்டுவதும் அன்று முதல்தான். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். “நம்பிக்கையா, அதெல்லாம் இல்லை, பக்கத்தில் இருந்தால்தானே கண்காணிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, குஞ்சுகளை அங்கேயே விட்டுவிட்டு நிம்மதியாக இரை தேடப் போய்விடும்.