நாற்பதாம் விதி

முன்னொரு காலத்தில், இன்று பெயர்கூட மறந்துபோன ஒரு நாட்டில், அரசருக்குச் சட்டம் இயற்றும் ஆசை பிடித்துக்கொண்டது. ஏழே நாளில் நூறு விதிகள் ஓலையேறின. எழுதிக் கொடுத்தவர் அமைச்சர் பிரமராயர். அவருக்கு அரசவை விகடன் நல்லாண்டானைக் கண்டாலே ஆகாது.

ஒருநாள் காலை நல்லாண்டானைச் சபைக்கு அழைத்துப்போகக் காவலர் வந்தனர். தலைப்பாகையை எடுத்தவன், அதைக் கட்டுவதா வேண்டாமா என்று விழித்தான். தலைப்பாகையின்றிச் சபைக்கு வருபவன் தலை போகும் என்றது நான்காம் விதி. விகடன் தலைப்பாகையோடு வந்தால் தலை போகும் என்றது நாற்பதாம் விதி.

"என்னங்க பண்ணப் போறீங்க?" என்று அழுதாள் மனைவி முத்தாயி.

"தெரியல புள்ள. பொழுது சாயறதுக்குள்ள நான் வரலேன்னா, உங்க அண்ணன் ஊருக்குப் போயிரு."

தலைப்பாகையோடுதான் போனான். சபையின் வாசல்படி தாண்டியதும் பிரமராயர் எழுந்தார். "அரசே, நாற்பதாம் விதியை மீறிவிட்டான்!"

அரசர் தயங்கினார். "கழற்றினால் நான்காம் விதி கொல்லும். இரண்டில் ஒன்றை நீக்கிவிடலாமே?"

"ஒன்றை நீக்கினால் நூறும் சரியும். தங்கள் வாக்கே பொய்த்ததாகும்."

அரசரின் முகம் இறுகியது. "அப்படியானால் வெட்டுங்கள்."

வாளோடு காவலன் நெருங்கினான். நல்லாண்டானை மண்டியிட வைத்தார்கள். வாளின் நிழல் தோளில் விழுந்தபோது நல்லாண்டான் வாய் திறந்தான்.

"அரசே, சாகுமுன் நூறாம் விதியைக் கேட்க ஆசை."

பிரமராயர் வேண்டாவெறுப்பாக வாசித்தார்: "எந்தப் பகுதியை வெட்டினாலும், மீதி உயிரோடு நிற்கும்."

"என் தலையை வெட்டியபின் உடல் உயிரோடு நிற்குமா, அரசே? விழுந்துவிட்டால் தங்கள் வாக்கு பொய்த்துவிடுமே!"

"மூடனே, அது விதிகளை எழுதிய ஓலைக்குச் சொன்னது! மனிதனுக்கல்ல!" என்று சீறினார் அரசர்.

"ஓலைக்கா? அப்படியானால் ஓலையையே வெட்டிப் பாருங்கள், ஐயனே. மீதி நிற்கிறதா என்று பார்ப்போம்."

அரசர் பிரமராயரை முறைத்தார். பிறகு வாளை வாங்கி, நாற்பதாம் ஓலையை நறுக்கி எறிந்தார். மற்ற தொண்ணூற்றொன்பதும் கயிற்றில் கோத்தபடியே இருந்தன.

அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்றை நீக்கினால் நூறும் சரியும் என்றீரே, நீரே எழுதியதை நீரே படிக்கவில்லையா, பிரமராயரே?" என்றார். நல்லாண்டானுக்கு ஓர் ஊரையே மானியமாக அறிவித்தார். சபை முழுதும் சிரித்தது. நல்லாண்டானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மண்டியிட்டபடியே கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அரசரே இறங்கிவந்து அவனைத் தூக்கி நிறுத்தினார்.